வெஸ்ட் இண்டீஸ் தீவுகளில் முதலில் இருந்த ஜனங்கள் எங்கே போனார்கள்?

வைகைக்கரை:

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனோடு உட்கார்ந்து பழைய வெஸ்ட் இண்டீஸ் மேட்ச் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கிறான், கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவான். "மாமா, லாராவோட முன்னோர் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க, சந்தர்பாலோட ஆளுங்க நம்ம நாட்டுல இருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்க, சரி. அப்ப அந்தத் தீவுக்காரங்க எங்க? டீம்ல ஒருத்தர்கூட இல்லையே?" என்றான்.

நான் பாட்டுக்கு, கொலம்பஸ் போனதும் அம்மை வந்து எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். "எல்லாருமா? ஒருத்தர்கூடவா மிச்சமில்ல?" என்று அடுத்த கேள்வி. ஸ்கோரைப் பாருடா என்று பேச்சை மாற்றிவிட்டேன், ஆனால் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் படித்த காலத்தில் 1492 என்ற வருஷமும் மூன்று கப்பல் பெயரும்தான் மனப்பாடம், கரையில் நின்றவர்கள் பற்றி ஒரு வரி ஞாபகம் இல்லை. உண்மையிலேயே நோய்தான் காரணமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். லிங்க் மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

நேர்வழி:

நீங்கள் பையனிடம் சொன்னதுதான் சரி சார். ஆடு மாடு பன்றியோடு ஆயிரக்கணக்கான வருஷம் புழங்கியதால் ஐரோப்பாக்காரன் உடம்புக்கு அந்த நோய்கள் பழகியிருந்தன, தீவு ஜனங்களுக்கு அது புதுசு, அவ்வளவுதான். கொலம்பஸை வில்லனாக்குவது இப்போது ஃபேஷன் ஆகிவிட்டது. மனிதர் மிளகு தேடிப் புறப்பட்டு வழிதவறிப் போய்ச் சேர்ந்த ஒரு மாலுமி. கிருமி என்றால் என்னவென்றே அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. அப்புறம், எந்த ராஜா ஊரைக் கொளுத்தவில்லை? நம்ம சோழர் கடாரத்துக்குப் போனது பூ கொடுக்கவா?

பழந்தாள்:

நேர்வழி சொல்வது மெக்சிகோ, பெரு பற்றியென்றால் பெருமளவு ஒத்துக்கொள்வேன். ஆனால் பையன் கேட்டது கரீபியன் தீவுகளைப் பற்றி, அங்கே தேதி இடிக்கிறது. கொலம்பஸ் குடியேற்றம் அமைத்தது ஹிஸ்பானியோலா தீவில், இன்றைக்கு ஹைட்டியும் டொமினிகன் குடியரசும் இருக்கிற இடம். அங்கே இருந்தவர்கள் தைனோ மக்கள். அந்தத் தீவில் பெரியம்மை பரவியதாகப் பதிவாகியிருப்பது 1518 கடைசியில்தான். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1514-ல், ஸ்பானியர்களே வேலைக்கு ஆள் பங்கு போடத் தலை எண்ணினார்கள், கணக்கில் வந்த தைனோக்கள் ஏறக்குறைய 26,000 பேர். 1492-ல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை. ஒரு லட்சம் என்பவர் உண்டு, பல லட்சம் என்பவரும் உண்டு. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அம்மை வருவதற்கு முன்னாலேயே நான்கில் மூன்று பேர் போய்விட்டார்கள். 1493-ல் வந்த கப்பல்களோடு வேறு காய்ச்சல் ஏதாவது வந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நோய் மட்டும்தான் என்று சொன்னால் நடந்ததில் முக்கால் பங்கு விட்டுப்போகிறது.

பையனுக்குச் சொல்வதானால் ஒரு மணியின் கதையைச் சொல்லுங்கள். வேட்டைப் பருந்தின் காலில் கட்டுகிற சின்ன மணி, நம்ம சலங்கையில் கோர்க்கிற மாதிரி. கண்ணாடி மணி, சிவப்புத் தொப்பி என்று பண்டமாற்றுக்குக் கொலம்பஸ் கொண்டுபோன சாமான்களில் அதுவும் ஒன்று. தைனோ ஜனங்களுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை, தங்கத் துண்டைக் கொடுத்துவிட்டு மணி வாங்கிப் போனார்கள்.

1492 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி சாண்டா மரியா கப்பல் தரைதட்டியது, சுக்கானை ஒரு சின்னப் பையன் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் தூங்கப்போய்விட்டார்கள். அந்தப் பக்கத்துத் தலைவர் குவாகனகாரி தன் ஆட்களைப் படகோடு அனுப்பி, சாமான் முழுவதையும் இறக்கிப் பத்திரமாக வைத்தார். ஓர் ஊசிகூடக் காணாமல் போகவில்லை, இதைவிட நல்ல ஜனங்கள் உலகத்தில் இல்லை என்று கொலம்பஸே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அதே குறிப்பேட்டில், போய் இறங்கிய மூன்றாம் நாள், ஐம்பது ஆள் இருந்தால் இவர்கள் அத்தனை பேரையும் அடக்கி நினைத்ததைச் செய்ய வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே கை எழுதியது.

உடைந்த கப்பலின் மரத்தில் கோட்டை கட்டி 39 பேரை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அடுத்த வருஷம் 17 கப்பல், ஆயிரத்துக்கும் மேல் ஆட்களோடு திரும்பி வந்தால் கோட்டை சாம்பல், ஒருத்தரும் உயிரோடு இல்லை. விட்டுப்போனவர்கள் தங்கத்துக்கும் பெண்களுக்கும் அலைந்து ஊர் ஊராகப் புகுந்ததில் கவோனபோ என்ற தலைவர் தீர்த்துக்கட்டிவிட்டார். அதன் பிறகு நட்பாவது ஒன்றாவது. 1494-ல் துணி திருடுபோனது என்று ஒரு தைனோவின் காதை அறுத்தார்கள். 1495-ல் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் பிடித்து, அதில் ஐந்நூற்றுச் சொச்சம் பேரை அடிமையாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றினார்கள், வழியிலேயே இருநூறு பேர் செத்துக் கடலில் போனார்கள். இதையெல்லாம் கிருமி செய்யவில்லை.

அந்த மணிக்கு வருகிறேன். தங்கம் விளைகிற சிபாவோ பக்கத்தில் 14 வயசுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பருந்து மணி நிறையத் தங்கப் பொடி கொண்டுவந்து கட்ட வேண்டும் என்று கொலம்பஸ் உத்தரவு போட்டார். தங்கம் இல்லாத ஊர்க்காரர்கள் 25 பவுண்டு பருத்தி தரவேண்டும். கட்டியவனுக்குக் கழுத்தில் மாட்ட ஒரு பித்தளை வில்லை, ரசீது மாதிரி. ஆசைப்பட்டு வாங்கின மணியே வரி அளக்கும் படியாகிவிட்டது. ஆற்று மணலைச் சலித்து எவ்வளவு தேறும்? பாதி மணியாகக் குறைத்தும் கட்ட முடியவில்லை. குவாரியோனெக்ஸ் என்ற தலைவர், தங்கம் பொறுக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது, அதற்குப் பதிலாகத் தீவின் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல்வரை உங்களுக்காகப் பயிர் வைத்துத் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தார். ஏற்கவில்லை. ஸ்பெயின் ராணிக்குக் காட்டத் தங்கம் வேண்டுமே.

ஜனங்கள் பயிரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள், பஞ்சம் வந்தது. கொலம்பஸை 1500-ல் விலங்கு மாட்டி ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் அடுத்து வந்தவர்கள் இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். ஊர் ஊராக ஆட்களைப் பங்கு போட்டு, ஆம்பிளைகளை எட்டு மாசம் சுரங்கத்துக்கும் பெண்களைக் கிழங்குக் காட்டுக்கும் அனுப்பினால் பிள்ளை எங்கே பிறக்கும்? இப்படி அரைப்பட்டினியாகக் கிடந்த ஊருக்குத்தான் 1518-ல் அம்மை வந்தது.

சோழர் கடாரம் போனதைப் பற்றி: போனார்கள், கொள்ளையடித்தார்கள், மறுக்கவில்லை. அதற்காக இதைப் பேசக்கூடாது என்று எப்படி ஆகும்?

கடற்காக்கை:

நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் வேலை. டொமினிகன் குடியரசின் தலைநகர் சான்டோ டொமிங்கோவில் இரண்டு தடவை இறங்கியிருக்கிறேன். ஊர் நடுவில் கொலம்பஸ் பூங்கா என்றே ஒன்று, அவர் சிலை கையை நீட்டிக்கொண்டு நிற்கும். பீடத்தில் பாதி உடையோடு ஒரு தைனோ பெண் தொற்றி ஏறி அவர் பெயரை எழுதுகிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். யார் என்று கேட்டதற்கு அனகவோனா ராணி என்றார்கள். ஆளுநர் ஒவாண்டோ விருந்துக்கு என்று வந்து, அவளோடு இருந்த தலைவர்களை வீட்டுக்குள் வைத்துக் கொளுத்திவிட்டு அவளைப் பிற்பாடு தூக்கில் போட்டான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அவளைக் கொண்டே சிலையில் அவர் பெயரை எழுத வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆறவே இல்லை.

இன்னொன்று. அங்கே கடையில் கசாபே என்று தட்டையாக, வட்டமாக, அப்பளத்தைவிடக் கனமாக ஒன்று விற்கிறார்கள். கடித்துப் பார்த்தால் மரவள்ளி! கசப்புக் கிழங்கைத் துருவி, பிழிந்து விஷச் சாற்றை எடுத்துவிட்டு, மாவைக் கல்லில் பரப்பிச் சுடுவது. தைனோ சமையல், இன்றைக்கும் அப்படியே. சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகிறதே, அந்தக் கிழங்குக்கு ஊர் அந்தப் பக்கம்தான்.

பழந்தாள் ஐயா, பஹாமாஸ் தீவுக்காரர்களை முத்துக்குளிக்க அடிமையாகப் பிடித்துப் போனதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா? எங்கள் ஊரில் முத்துக்குளித்தவர்கள் பட்ட பாட்டைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

நேர்வழி:

பழந்தாள் சார், தேதிக் கணக்கு எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விவரத்தில் நிறைய லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் எழுதியதுதானே? அவர் எண்ணிக்கையை ஊதிப் பெருக்குகிறவர் என்று பெயர் வாங்கியவர். ஸ்பெயினைத் திட்ட இங்கிலாந்தும் ஹாலந்தும் அவர் எழுத்தைத்தான் எடுத்துக்கொண்டன, தாங்கள் செய்ததை மறைத்துக்கொண்டு.

பழந்தாள்:

அது நியாயமான கேள்வி. அவர் சொல்கிற லட்சங்களை நானும் நம்புவதில்லை, அதனால்தான் 1514 தலைக்கணக்கைச் சொன்னேன், அது அரசாங்கப் பேரேடு. ஆனால் மனிதர் வெளியே நின்று கேட்டதை எழுதியவர் அல்ல. 1502-ல் அந்தத் தீவுக்குப் பிழைக்கப் போய், தானும் ஆட்களைப் பங்கு வாங்கி வேலை வாங்கியவர். 1511-ல் மொன்டேசினோஸ் என்ற துறவி கோவிலில் எல்லோர் முகத்துக்கு நேராக, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார், லாஸ் காசாஸுக்கு உறைக்க அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஆனது. அப்புறம் இவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான், பின்னால் அதற்கு வருந்தி எழுதினார். லாராவின் முன்னோர் போன்றவர்கள் அடிமையாக வந்த வழி அதற்கு முன்பே திறந்திருந்தது, பிற்பாடு அது இன்னும் அகலமானது. கொலம்பஸின் குறிப்பேட்டு மூலப்பிரதியே இப்போது இல்லை, நம்மிடம் இருப்பது லாஸ் காசாஸ் எடுத்த சுருக்கப் பிரதி. மணி வரியையோ கொலம்பஸின் சொந்த மகனே அப்பாவின் வரலாற்றில் எழுதியிருக்கிறார், மறைக்கவேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவே இல்லை.

கடற்காக்கை, உண்மைதான். ஹிஸ்பானியோலாவில் ஆள் குறையக் குறைய பஹாமாஸிலிருந்து பிடித்து வந்தார்கள், நன்றாக மூழ்கத் தெரிந்தவர்கள் என்பதால் பலரை வெனிசுவேலா கரையோரம் குபாகுவா தீவுக்கு முத்தெடுக்க விற்றார்கள். கொலம்பஸ் முதன்முதலில் கால் வைத்த தீவு அந்தக் கூட்டத்தில் ஒன்று. முப்பது வருஷத்துக்குள் அந்தத் தீவுகள் ஏறக்குறைய காலி.

நியூஜெர்சி அத்தை:

ஒருத்தர்கூட மிச்சமில்லை என்று மட்டும் பையனிடம் சொல்லிவிடாதீர்கள் தம்பி. என்னோடு வேலை பார்க்கிற புவேர்ட்டோ ரிக்கோ பெண் தன்னைத் தைனோ என்றுதான் சொல்லிக்கொள்வாள். முதலில் நான் சும்மா பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன், பிறகு படித்தால் அந்தத் தீவில் தாய்வழி மரபணுவைச் சோதித்தபோது பத்தில் ஆறு பேருக்குப் பூர்வகுடிக் கால்வழி வந்திருக்கிறது. 2018-ல் பஹாமாஸ் குகையில் கிடைத்த, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் பல்லிலிருந்து மரபணுவை முழுசாகப் படித்தார்கள், அதுவும் இன்றைய புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களோடு ஒத்துப்போனது. தாய்வழியில் அவ்வளவு, தந்தைவழியில் மிகக் குறைவு. ஏன் என்று பெரியவர்களுக்குப் புரியும், பையனுக்கு இப்போது வேண்டாம்.

டீம் கேள்விக்கும் பதில் இருக்கிறது! ஆடம் சான்ஃபோர்ட் என்று ஒரு வேகப்பந்து வீச்சாளர், டொமினிக்கா தீவுக்காரர் (டொமினிகன் குடியரசு இல்லை, இது வேறு தீவு), 2002-ல் இந்தியாவுக்கு எதிராகத்தான் முதல் டெஸ்ட் ஆடினார். அவர் கலினாகோ வழி, பழைய புத்தகங்களில் கரீப் என்று போட்டிருப்பார்கள். தைனோ வேறு, கலினாகோ வேறு. டொமினிக்கா முழுக்க மலையும் காடும் என்பதால் வெள்ளைக்காரர்கள் அங்கே நிலைகொள்ள ரொம்ப நாள் ஆனது, அந்த ஜனங்கள் தப்பினார்கள். 1903-ல் அவர்களுக்கென்று 3,700 ஏக்கர் ஒதுக்கினார்கள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கடற்காக்கை:

சான்ஃபோர்ட் விஷயம் எனக்கே தெரியாது அக்கா, சபாஷ்.

குவாரியோனெக்ஸ் என்ன ஆனார் என்று தேடிப் பார்த்தேன். பிடித்து, 1502-ல் ஸ்பெயினுக்குக் கப்பலேற்றினார்கள். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் புயல், இருபது கப்பலுக்கு மேல் போயிற்று, அவரும் போனார், கொலம்பஸுக்கு விலங்கு மாட்டிய பொபாடில்லாவும் அதோடு போனார். அந்தப் புயலுக்குத் தைனோ ஜனங்கள் வைத்திருந்த பெயர் ஹுரக்கான், அதுதான் இங்கிலீஷில் ஹரிக்கேன். கரண்ட் போனால் எங்கள் பாட்டி கண்ணாடியைத் துடைத்துத் திரி ஏற்றுவாளே அரிக்கேன் விளக்கு, அதில் இருப்பது அவர்கள் வார்த்தை. கொய்யா, பப்பாளி என்ற பெயர்களும் அந்தப் பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக நம்ம ஊருக்கு வந்தவைதான் என்கிறார்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பையனை உட்கார வைத்து முழுசாகச் சொன்னேன். சான்ஃபோர்ட் பெயரைச் சொன்னதும் போனைப் பிடுங்கிக்கொண்டு 2002 மேட்ச் தேட ஆரம்பித்துவிட்டான். மணிக் கதையை நம்பவில்லை, எவ்வளவு பெரிய மணி என்றான். அக்கா பெண்ணின் பரதநாட்டியச் சலங்கை ஆணியில் தொங்கியது, அதில் ஒரு மணியைக் காட்டி ஏறக்குறைய இந்த அளவு இருக்கும் என்றேன். கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நிறையன்னா எத்தனை பவுன் வரும் மாமா?" என்று கேட்டான். உள்ளே இருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்து, "மூணு மாசத்துக்கு ஒருக்காவா?" என்றாள்.