கான்ஃபரன்ஸ் மாறும் கல்லூரிகள்: உங்கள் காதுக்கு வந்த வதந்தி என்ன?

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் பைத்தியம் பிடித்த நம்மவர்கள் இங்கே கொஞ்சம் பேர் இருக்கிறோம். கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடி, டிவி பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் கூட்டமைப்பு; எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி, பாக்-12 எல்லாம் அப்படிப்பட்டவைதான். 2021-ல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசி-க்குப் போவதாக அறிவித்ததிலிருந்து வாரம் ஒரு வதந்தி. யார் வாயிலிருந்து என்ன கேட்டீர்கள்? எது பலித்தது, எது புஸ்வாணம் ஆனது? எழுதுங்கள்.

புல்மன், வாஷிங்டன் (முன்னாள் மாணவர்)

நான் புல்மனில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரியில் படித்தவன் (சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் வேறு கல்லூரி). கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். சியாட்டிலுக்குக் காரில் போனால் ஐந்து மணி நேரம் பிடிக்கும். 2022 ஜூன் 30 அன்று எங்கள் பாக்-12 கான்ஃபரன்ஸில் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகளான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. முடிவெட்டும் கடையில் ஒரு கதை, மளிகைக்கடை வரிசையில் இன்னொரு கதை. "சான் டியேகோ ஸ்டேட் வருதாம்", "எஸ்எம்யூவையும் சேர்க்கப் போறாங்களாம்" என்று உள்ளே வருபவர்களைப் பற்றியேதான் பேசுவார்கள். இன்னும் யார் வெளியே போவார்கள் என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

2023 ஜூலை கடைசியில் கொலராடோவும் பிக் 12-க்குக் கிளம்பியது. எனக்கு முடிவெட்டும் பெரியவர் கத்திரியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "ஆரிகனும் வாஷிங்டனும் இருக்கிறவரைக்கும் நமக்குப் பயமில்லை, தம்பி" என்கிற தோரணையில் ஏதோ சொன்னார். ஆகஸ்ட் 4 காலை, மிச்சமிருந்த ஒன்பது கல்லூரிகளும் ஆப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்புத் திட்டத்துக்குத் தலையாட்டிவிடும் என்றுதான் எல்லாரும் காத்திருந்தோம். சந்தா கட்டுகிறவர்கள் கூடினால்தான் பணமும் கூடும் என்கிற திட்டம் அது. அதை நம்பி உட்கார ஆரிகனும் வாஷிங்டனும் தயாராக இல்லை. ஆரம்பத்தில் முழுப் பங்கில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தும் பிக் டென்னுக்குப் போய்விட்டன. அன்றைக்கே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு நடையைக் கட்டின. செப்டம்பர் 1-ல் மேற்குக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலையும் ஏசிசி-க்கு. பெயரிலேயே அட்லாண்டிக் கரை இருக்கிற கான்ஃபரன்ஸ்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

கடைசியில் நாங்களும் ஆரிகன் ஸ்டேட்டும்தான் மிச்சம். கல்யாணவீட்டில் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு பாத்திரம் எண்ணிக்கொண்டு நிற்பவர்கள் மாதிரி. சரி, பாத்திரமாவது எங்களுக்கு, அதாவது பாக்-12-ன் நிர்வாகமும் பணமும் எங்களுக்கு என்று கோர்ட்டுக்குப் போனோம். நவம்பரில் விட்மன் மாவட்ட நீதிமன்றம் எங்கள் பக்கம் உத்தரவு போட்டது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

எங்கள் ஆட்டம் மட்டம் என்று யாரும் எங்களை ஒதுக்கவில்லை. தொலைக்காட்சிக்காரன் எண்ணுவது ஒரு அணியைச் சுற்றி எத்தனை வீட்டில் டிவி ஓடுகிறது என்பதைத்தான். புல்மனில் வயல்தானே இருக்கிறது! 2024 செப்டம்பரில் சியாட்டில் லூமென் ஃபீல்டில் அதே வாஷிங்டனை 24-19 என்று சாய்த்தோம். அன்று என் பக்கத்து இருக்கையில் இருந்த ஊதாச் சட்டைக்காரர், வாஷிங்டன் ரசிகர், கைகுலுக்கிவிட்டு, "நீங்க எங்க கான்ஃபரன்ஸில் இல்லாததும் நல்லதுக்குத்தான்" என்றார். சிரிப்பதா, முறைப்பதா?

எடிசன், நியூஜெர்சி

அண்ணா, உங்கள் ஊதாச் சட்டைக்காரர்கள் இங்கேயும் வந்தார்கள். அதே மாதம் 27-ம் தேதி, வெள்ளி இரவு, எங்கள் நியூஜெர்சியின் பிக் டென் கல்லூரியான ரட்கர்ஸின் மைதானம். வாகன நிறுத்தத்தில் சியாட்டில் தம்பதி ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். ஆரிகன் ஆட்டம் என்றால் காலையில் காரை எடுத்துவிட்டுப் போய்விடுவார்களாம், இப்போது நாட்டின் இந்தக் கோடிக்குப் பறந்து வரவேண்டியிருக்கிறது. 21-18 என்று நாங்கள் ஜெயித்துவிட்டோம், பாவம். ஃபுட்பாலாவது வாரத்துக்கு ஒரு ஆட்டம். வாலிபாலும் சாப்ட்பாலும் ஆடும் பிள்ளைகள் இப்படிப் பறந்துகொண்டே இருந்தால் எப்போது பாடம் படிப்பது? அதைப் பற்றி ஒரு வதந்தியும் கிளம்புவதில்லை.

டல்லஹாசி, ஃபுளோரிடா

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். தனியார் விமானங்கள் எங்கே இறங்குகின்றன என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்பார். "சிகாகோ பக்கத்திலிருந்து ஒண்ணு வந்திருக்கு, பிக் டென் ஆளுங்கதான்" என்பார் (பிக் டென் தலைமையகம் அங்கேதான்). போய்ப் பார்த்தால் யாரோ வக்கீல் விடுமுறைக்கு வந்திருப்பார். 2023-ல் எங்கள் ஊர் ஃபுளோரிடா ஸ்டேட் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 13-0 என்று ஏசிசி பட்டத்தை வென்றும், தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் இடம் தரவில்லை. அந்த டிசம்பரிலேயே கல்லூரி, வெளியேற வழி தேடி ஏசிசி மீது வழக்குப் போட்டது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, "அடுத்த வாரம் பார்" என்றார். ஒளிபரப்பு உரிமையை 2036 வரை ஏசிசி-க்கே எழுதிக் கொடுத்தாயிற்று, விமானம் இறங்கி என்ன பிரயோஜனம்? 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. அதிகம் பேர் பார்க்கிற அணிக்கு அதிகப் பணம், வெளியேறும் கட்டணமும் வருடத்துக்கு வருடம் குறையும். அதனால் 2030 பக்கம் திரும்பவும் ஆரம்பிக்கும் என்பது என் கணிப்பு. மாமா விமானம் பார்ப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

சான் அன்டோனியோ, டெக்சஸ்

புல்மன் நண்பருக்கு ஒரு தகவல். 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட்டையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்ட கையோடு உங்கள் பாக்-12 எங்கள் ஊர்க் கல்லூரியான யுடிஎஸ்ஏ பக்கமும் வந்தது. மெம்ஃபிஸ், டுலேன், சவுத் ஃபுளோரிடாவும் பட்டியலில் இருந்தன. ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் போயாச்சு என்றே சொல்லிவிட்டார். புதுச் சட்டைகூட ஆர்டர் போட்டுவிட்டார் என்று கேள்வி. நாலு பேருமே இருந்த இடத்திலேயே இருந்துகொண்டார்கள். பாக்-12 கான்ஃபரன்ஸாக நீடிக்க ஃபுட்பால் ஆடும் எட்டாவது அணி கட்டாயம் தேவைப்பட்டது. கொன்சாகா கல்லூரி சேர்ந்தும் பயனில்லை, அவர்களிடம் ஃபுட்பாலே கிடையாது. கடைசியில் 2025 ஜூனில் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? இதே ஐ-35 சாலையில் ஐம்பது மைல் வடக்கே இருக்கும் டெக்சஸ் ஸ்டேட், எங்கள் பரம வைரி. கேன்டீன்காரரிடம் இப்போதைக்கு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.