புதுப்பிப்பு: மாசமா இருக்கிற தங்கச்சியோட குறட்டை, டெஸ்ட் முடிஞ்சது

வளைகாப்பு முடிஞ்சு கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு வந்த தங்கச்சி பலமா குறட்டை விடுதா, நடுவுல மூச்சு நின்னு திணறி முழிக்கா, விடிஞ்சா தலைவலிங்கான்னு முன்னாடி எழுதியிருந்தேன். விசாரிச்ச எல்லாருக்கும் இது பதில்.

பாளையங்கோட்டையில நுரையீரல் டாக்டர்கிட்ட காட்டி, தூக்கப் பரிசோதனை எடுத்தாச்சு. ஸ்லீப் ஆப்னியாதான், அதாவது தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கிற கோளாறு. 10 விநாடியோ அதுக்கு மேலயோ மூச்சு நின்னாலும், ரொம்பக் குறைஞ்சாலும் ஒரு தடவைன்னு கணக்கு. மணிக்கு 5 தடவைக்கு மேல போனா கவனிக்கணும்.

“புள்ளத்தாச்சின்னா குறட்டை விடத்தான் செய்வா”ன்னு ஆச்சி சொன்னது பாதி உண்மை. ஈஸ்ட்ரோஜன் கூடி மூக்குச் சவ்வு வீங்குறதால கடைசி மாசங்கள்ல குறட்டை வரும். ஆனா மூச்சு நிக்கிறதும், பகல்ல உக்காந்தபடியே தூங்கி விழறதும் அப்படி விடுற விஷயம் இல்ல. ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் ஆக்சிஜன் இறங்குது, உடம்பு பதறி முழிக்குது, பிரஷர் ஏறுது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்துல பிரஷர் ஏறி மத்த உறுப்புகளையும் பாதிக்கிற நோய்), கர்ப்பகாலச் சர்க்கரை மூணுக்கும் இதோட தொடர்பு உண்டு. அதனால பிரஷரும் சுகரும் அடிக்கடி பாக்காங்க.

ராத்திரி இப்ப சீபேப் மாஸ்க், அதாவது காத்தை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதை மூடாம வைக்கிற மெஷினோட மாஸ்க். முதல்ல மூச்சு முட்டுதுன்னு கழட்டிப் போட்டா. அம்மாதான் பக்கத்துல இருந்து பழக்கினா. இப்ப தலைவலி குறைஞ்சிருக்கு, முகத்துல தெளிச்சி. ஒருக்களிச்சுத்தான் படுக்கா. பிரசவத்துக்கு முன்னாடி மயக்க டாக்டர்கிட்ட இத கட்டாயம் சொல்லணும்னாங்க. பிள்ளை பிறந்த பிறகும் ஒருக்க டெஸ்ட் எடுக்கணும்.

உங்க வீட்டுலயும் சந்தேகம்னா, தூங்கும்போது போன்ல வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. தூக்க மாத்திரை மட்டும் கேக்காம குடுத்துராதிய.