புதுப்பிப்பு: நாட்டுக்குரங்கு வீடியோவில் முழங்கால் கோணம், தீர்வு கிடைத்தது

கிண்டிப் பக்கம் மதில்மேல் நடக்கும் நாட்டுக்குரங்குகளை வீடியோ எடுத்து, கினோவியா என்ற வீடியோ அளவை மென்பொருளில் அளந்தால், ஒரே நடைக்கே முழங்கால் கோணம் மாறி மாறி வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கேமரா மதிலுக்குச் செங்குத்தாக, நேர்ப்பக்கமாகப் பார்க்க வேண்டும் என்ற யோசனைதான் கைகொடுத்தது. தொடையும் கீழ்க்காலும் செங்குத்துக் கோட்டிலிருந்து முன்னும் பின்னுமாகத் தலா 30° சாய்ந்திருந்தால் முழங்காலில் 120°. அதையே அந்த நேர்ப்பக்கத்திலிருந்து 30° விலகி நின்று எடுத்தால் திரையில் சுமார் 127° காட்டும். இப்போது தள்ளி நின்று, ஜூம் போட்டு, ஃபிரேமின் நடுவில் விழும் அடிகளை மட்டும் அளக்கிறேன்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டச் சொன்னதும் சரிதான், பாதம் கலங்கித் தெரிவதில்லை.

எதிர்பாராத தலைவலி, கோணம் அளக்கப் புள்ளி வைக்க வேண்டிய இடுப்பு மூட்டு. ரோமத்துக்கு அடியில் அது எங்கே என்று ஊகிக்கத்தான் முடிகிறது. போதாக்குறைக்கு வால் வேறு! தோழியையும் தனியாகப் புள்ளி வைக்கச் சொல்லி, இருவர் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.