வலையில் மாட்டி அசையாமல் கிடக்கும் ஆமையை உடனே கடலில் விடலாமா?

தொண்டிக்கரை:
ஃபைபர் படகுல வழிவலை (நீரோட்டத்தோட மிதக்கவிடுற வலை) போடுறவங்களுக்காகக் கேக்குறேன். வலை இழுக்குறப்போ பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) அசைவே இல்லாம வருது. செத்துருச்சுன்னு சிலர் அப்படியே தண்ணியில தள்ளிடுறாங்க. மல்லாத்திப் போட்டு நெஞ்சை அமுக்கணும்னு சிலர் சொல்றாங்க. எது சரி?

கடலோரன்:
ரெண்டுமே வேண்டாம் அண்ணே. மூச்சுமுட்டி மயங்கின ஆமை செத்தது மாதிரியேதான் கிடக்கும். அந்த நிலையில் கடலில் விட்டால் தலை தூக்கி மூச்சு வாங்கத் தெம்பில்லாமல் மூழ்கிப்போகும். மல்லாத்தவும் கூடாது. நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருக்கிறது. மல்லாத்தினால் குடலின் கனம் முழுக்க அதன் மேல் இறங்கும். நெஞ்சை அமுக்கினால் மூச்சுக்குழல் அடைபடும்.

ஆமையின் துடுப்பை (துடுப்பு போன்ற காலை) பிடித்துத் தூக்காதீர்கள், மூட்டு விலகும். 35 முதல் 50 கிலோ வரை இருக்கும், ரெண்டு பேர் ஓட்டின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் பிடியுங்கள். வயிறு தரையில் படும்படி நிழலில் வைத்து, பின்பக்கத்துக்கு அடியில் சுருட்டிய வலையோ பலகையோ கொடுத்து ஒரு சாண் உயர்த்துங்கள். தலை தாழ்ந்திருந்தால்தான் உள்ளே போன தண்ணீர் வடியும். நனைத்த துணியை ஓட்டிலும் துடுப்பிலும் போடலாம். மூக்குத் துளை மூடக்கூடாது, முகத்தில் தண்ணீர் அடிக்கக்கூடாது. அவ்வப்போது ஓட்டின் ஒரு பக்கத்தை நாலு விரல் உயரம் தூக்கி இறக்கி, பிறகு மறுபக்கம்.

கண் ஓரத்தை மெல்லத் தொட்டும் வாலைக் கிள்ளியும் பாருங்கள். சின்ன அசைவு தெரிந்தாலும் உயிர் இருக்கிறது. அசைவே இல்லை என்றாலும் நாலு மணி நேரத்துக்கு முன்னால் கைவிடாதீர்கள். தெளிய 24 மணி நேரம்கூட ஆகலாம்.

தொண்டிக்கரை:
அதுக்குள்ள கரைக்கு வந்துருவோமே. ஆமையோட வந்தா கேஸ் ஆகும்னு பயப்படுறாங்க.

மன்னார்வளைகுடா:
அந்தப் பயத்தில்தான் பிழைக்க வேண்டிய ஆமையும் சாகிறது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இருப்பது உண்மைதான். அதனால் கரை சேரும் முன்பே போன் செய்துவிடுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. மண்டபத்திலும் கீழக்கரையிலும் வனச்சரகம் உண்டு. அவர்களின் போன் எண்ணைப் படகில் எழுதி வையுங்கள். மாட்டிய இடம், நேரம், படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

நன்றாகத் தெளிந்து, தலை தூக்கி மூச்சு விட்டால் கடலிலேயே விடலாம். எஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத இடத்தில், தலை முன்னால் போகும்படி இறக்குங்கள். கழுத்திலோ துடுப்பிலோ ஒரு இழை நரம்புகூட (நைலான் நூல்) மிஞ்சக் கூடாது. அது நாளாக நாளாக இறுகிச் சதையை அறுத்துத் துடுப்பையே அழுக வைக்கும். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காதீர்கள், நரம்பை வாயோரம் நறுக்கிவிட்டு வனத்துறையிடம் கொடுங்கள்.

கடலோரன்:
இன்னொன்று. மாட்டியது ஆவுளியா (கடற்பசு) என்றால் இந்த முறை எதுவும் பொருந்தாது, படகில் ஏற்றவே கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை அது மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். முதலில் மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வலையோடு தூக்கிப் பிடித்து, தலைப்பக்கத்து வலைக் கண்ணிகளை அறுங்கள். வாலில் கயிறு கட்டி இழுத்தால் தலை நீருக்குள் போய் மூச்சுமுட்டிவிடும். வலை போனால் போகட்டும். ஆவுளியாவை விட்டவர்களுக்கு வனத்துறை பணம் கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. அறுப்பதை ஒருவர் வீடியோ எடுத்தால் பிறகு பேச உதவும்.

தொண்டிக்கரை:
கடற்புல் மேல நண்டுவலை ராத்திரி முழுக்கக் கிடக்குமே, அதுக்கு?

மன்னார்வளைகுடா:
ஆமைக்கும் ஆவுளியாவுக்கும் மேய்ச்சல் அங்கேதான். புல்லை விட்டுத் தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால் விடிய விடிய விடாமல், இடையில் போய் வலையைத் தூக்கிப் பாருங்கள்.