புதுப்பிப்பு: பேருந்து இருக்கையும் மயஸ்தீனியாவும்

அம்பாசமுத்திரம் பேருந்தில் மாற்றுத்திறனாளி இருக்கையில் அமர்ந்திருந்த என்னை, "நல்லாத்தானே இருக்கீய, எந்திரிங்க" என்று ஓர் அண்ணாச்சி எழுப்பிவிட்டதை முன்பு எழுதியிருந்தேன். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குமாறு பலர் அறிவுறுத்தியதால், அதன்பின் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கிருப்பது மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் தசையின் ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குவதால், பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோர்ந்துபோய், ஓய்வெடுத்தால் மீண்டும் தேறுகிறது. இந்த ஏற்ற இறக்கந்தான் தடையாயிற்று. நன்கு தூங்கி எழுந்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு காலையிலேயே பரிசோதனைக்குப் போனது என் மடத்தனம். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன், குறைபாடு தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் நாள்பட்ட நரம்பியல் நோய்களும் உண்டு என்றாலும், சலுகைகள் பலவற்றுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு இருப்பதாகச் சான்று தேவை. என் நோயோ மதியத்துக்கு மேல்தான் முகம் காட்டும். ஆகவே, இமை சரிந்த மாலைநேரப் புகைப்படங்களையும் நரம்பியல் மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன்.

மருந்து பற்றிக் கேட்டவர்களுக்கு: பைரிடோஸ்டிக்மின் மூன்று நான்கு மணி நேரமே நிற்பதால், உணவுக்கு அரைமணி முன்பே போட்டால்தான் தாடை மெல்ல ஒத்துழைக்கிறது. (அல்வாவுக்கு அந்தக் கவலை குறைவு.) வெயில் சோர்வைக் கூட்டுவதால் அக்னி நட்சத்திரம் முழுவதும் வீட்டில்தான்.

அந்த அண்ணாச்சியைப் போன வாரம் மாலைப் பேருந்தில் மறுபடி பார்த்தேன். பாதி மூடிய என் இடக்கண்ணைப் பார்த்து, "தூக்கம் வருதோ?" என்று கேட்டார்.