அக்ரிலிக் மீள்மப் படலம் 3.5 கிலோவோல்ட்டிலேயே துளைபடுவது ஏன்?

கேள்வி:
மின்னழுத்தத்தால் விரியும் மீள்ம (ரப்பர்போல இழுபட்டு மீளும் பொருளாலான) இயக்கி ஒன்றைச் செய்து பார்த்து வருகிறேன். 1 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் ஒட்டுநாடாவை இரு திசைகளிலும் மும்மடங்கு இழுத்து, வளையச் சட்டத்தில் ஒட்டி, இருபுறமும் மின்முனைகளாக 20 மி.மீ. விட்டத்தில் கார்பன் கிரீஸ் பூசியிருக்கிறேன். வட்டம் கண்ணுக்குத் தெரியும்படி விரிகிறது, ஆனால் 3.5 கிலோவோல்ட்டை நெருங்கியதும் படலம் துளைபட்டுக் கிழிந்துவிடுகிறது. இதுவரை ஐந்து மாதிரிகள் வீணாகிவிட்டன. இன்னும் அதிகமாக இழுக்க வேண்டுமா, அல்லது சிலிக்கோனுக்கு மாறிவிடலாமா?

முதல் பதில்:
மும்மடங்கு இழுப்பில் தடிமன் ஒன்பதில் ஒரு பங்காக, ஏறத்தாழ 111 மைக்ரானாகக் குறைகிறது. அப்படியானால் 3.5 கிலோவோல்ட்டில் மின்புலம் மைக்ரானுக்கு 32 வோல்ட் அளவே. விரியும்போது சற்றுக் கூடும். ஒப்புமை விடுதிறனை (வெற்றிடத்தைவிடப் பொருளின் விடுதிறன், அதாவது மின்னூட்டம் தேக்க உதவும் தன்மை, எத்தனை மடங்கு என்பதை) 4.7 என்று கொண்டு, விடுதிறனை மின்புலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், படலத்தை நசுக்கும் அழுத்தம் சுமார் 41 கிலோபாஸ்கல் வருகிறது. நன்கு இழுக்கப்பட்ட அக்ரிலிக் மைக்ரானுக்கு 100 வோல்ட்டுக்கு மேலும் தாங்கும்; 2000-இல் பெல்ரினும் உடன் பணியாற்றியோரும் ‘சயன்ஸ்’ இதழில் 100 விழுக்காட்டைத் தாண்டிய விரிவைக் காட்டியது இத்தகைய முன்னிழுப்பைக் கொண்டுதான். எனவே பொருளை மாற்றும் முன், துளை எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நான்கு மாதிரிகளில், கம்பியை இணைக்க ஒட்டிய அலுமினியத் தாளின் மூலைக்கருகே விழுந்திருக்கிறது. ஐந்தாவது மட்டும், மின்னழுத்தத்தை மாற்றாமல் சில நிமிடங்கள் வைத்திருந்த பிறகு, வட்டத்தின் நடுவே துளைபட்டது.

முதல் பதில் எழுதியவர்:
அப்படியானால் முதல் நான்கிற்கும் குற்றவாளி அந்த மூலைதான். கூரான உலோக விளிம்பில் மின்புலம் குவியும். அதோடு, தாள் விரியாமல் இருக்கப் படலம் மட்டும் விரிவதால் அதே இடத்தில் இழுவிசையும் குவிகிறது. கிரீஸையே மெல்லிய வால்போலச் சட்டம் வரை நீட்டி, உலோகத் தாளைச் சட்டம் தாங்கும் பகுதியில் மட்டும் வையுங்கள். மேல்வாலும் கீழ்வாலும் எதிரெதிர்த் திசைகளில் போக வேண்டும்; ஒன்றின்மேல் ஒன்று அமைந்தால் அங்கும் படலம் நசுங்கும்.

இரண்டாம் பதில்:
ஐந்தாவது மாதிரி வேறு கதை. அக்ரிலிக் பாகுத்தன்மை மிகுந்தது; மின்னழுத்தம் மாறாதபோதும் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். விரிய விரியத் தடிமன் குறைகிறது, மின்புலம் ஏறுகிறது, நசுக்கும் அழுத்தம் இன்னும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் இந்தச் சுழற்சி கட்டுமீறிவிடும். முன்னிழுப்பைக் கூட்டினால் இது தள்ளிப்போகும், ஆனால் முற்றிலும் நீங்காது. வேகமாகவும் திரும்பத் திரும்பவும் இயங்கும் கருவிதான் உங்கள் நோக்கமென்றால், நான் சிலிக்கோனையே தேர்ந்தெடுப்பேன். அதன் ஒப்புமை விடுதிறன் 3-ஐ ஒட்டியே இருப்பதால், அதே அழுத்தத்துக்குக் கூடுதல் மின்புலம் தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எதுவானாலும், மின்வழங்கியோடு தொடராக 10 மெகாஓம் மின்தடையைச் சேருங்கள். உயரழுத்தம் தாங்குவதற்கு அதைப் பல துண்டுகளாகப் பிரித்து இணைப்பது நல்லது. உங்கள் வட்டத்தின் மின்தேக்குத்திறன் 120 பிக்கோஃபாரட் அளவே என்பதால் இயக்கம் ஒரு மில்லிநொடிதான் தாமதமாகும். படலம் துளைபட்டாலும் 5 கிலோவோல்ட்டில் அரை மில்லிஆம்பியருக்கு மேல் பாயாது.