‘தி கிவர்’ நாவலுக்குள் பிள்ளைகளை எப்படி இழுப்பது?

நியூ ஜெர்சியில் ஞாயிறுதோறும் ஆறு பிள்ளைகளோடு வாசிப்புக் குழு நடத்துகிறேன். எல்லோருக்கும் 11, 12 வயது. லோயிஸ் லவுரி 1993-இல் எழுதிய ‘தி கிவர்’ எடுத்து மூன்று வாரமாகிறது, நாலாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. கதை நடக்கும் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, 12 வயதில் வேலையையும் பெரியவர்களே ஒதுக்கிவிடுவார்கள். “நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன கதை?” என்கிறார்கள்.

நானே சத்தமாக வாசித்துப் பார்த்தேன், கொட்டாவிதான். அப்புறம், குறையில்லாத ஊருக்குச் சட்டம் எழுதச் சொன்னேன். விளையாட்டு ஓடியது, புத்தகம் ஓடவில்லை. 2014-இல் வந்த படத்தைப் போட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு நிறமே தெரியாது என்ற ரகசியம் தொடக்கத்திலேயே போய்விடும். அந்த ஊரார் சொல்லும் ‘விடுவித்தல்’ என்றால் என்னவென்று கதையின் நாயகச் சிறுவன் ஜோனஸோடு சேர்ந்து அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அதை நான் சொல்ல மாட்டேன்.

எதையும் உடைக்காமல் அந்த ஊர்மேல் சந்தேகம் கிளப்ப, அடுத்த ஞாயிறு என்ன கேள்வி கேட்கலாம்?